உடையும் பேச வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நம் பிள்ளைகள் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் காட்சியை நடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நாடக உடையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். உங்களில் சிலர், "உடையைப் பற்றிப் பேச என்ன இருக்கு? அதுக்குத் துணிக்கடைக்காரரை இல்ல கூப்பிட்டிருக்கணும்!" என்று நினைக்கலாம். நான் மேடை ஏறி நடித்தவன் அல்லன். ஆசிரியராக இருந்த காலமெல்லாம் திரைக்குப் பின்னால் நின்றவன். பிள்ளைகளுக்கு வேட்டி கட்டிவிட்டவன், மீசை ஒட்டிவிட்டவன், கிரீடம் கழன்று விழாமல் நூல் போட்டு இறுக்கிவிட்டவன். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கதை. என் சொந்தக் கதைதான்.

1961ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். பள்ளியில் அரிச்சந்திரா நாடகம் போட முடிவு செய்தார்கள். லோகிதாசன் வேடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இரண்டு வாரம் ஒத்திகையும் நடந்தது. பிறகு ஒருநாள், பட்டணத்துக் கடையிலிருந்து உடை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஆளுக்கு எட்டு வெள்ளி கொண்டு வாருங்கள் என்று சொன்னார்கள். எட்டு வெள்ளி என்றால் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலிக்கும் மேலே. அது சம்பளத்துக்கு முந்திய வாரம். அப்பா ஒன்றும் பேசவில்லை. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் என் வேடம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. எனக்குத் திரைக்கயிறு இழுக்கும் வேலை கொடுத்தார்கள்.

எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். அந்த ஆசிரியர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அந்நாளில் எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம்.

நாடகம் நடந்தது. நான் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மயான காட்சி வந்தது. உங்களுக்குத் தெரியாத கதையா? நாட்டை இழந்த அரிச்சந்திரன் தன் மனைவியையும் மகனையும் ஓர் அந்தணர் வீட்டுக்கு அடிமையாக விற்கிறான். தானும் விலைபோய் மயானம் காக்கிறான். தருப்பை அறுக்கப் போன பிள்ளையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வருகிறாள். கல்லும் கரைய வேண்டிய இடம்!

அப்போது மேடையில் கிடந்த லோகிதாசன் எப்படி இருந்தான் தெரியுமா? கருநீல வெல்வெட்டுச் சட்டை, அதில் தங்க ஜிகினா, இடுப்பில் பளபளக்கும் கச்சை. விளக்கு பட்ட இடமெல்லாம் மின்னுகிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி உரக்கக் கேட்டார்: "ஏண்டி ஆத்தா, சுடுகாட்டுக்கு வந்த புள்ளைக்கு மாப்பிள்ளைச் சட்டை போட்டு வச்சிருக்கே?" கொட்டகை முழுவதும் சிரிப்பு. சந்திரமதியாக நடித்த அக்கா எவ்வளவோ உருக்கமாகத்தான் அழுதார். யார் காதிலும் ஏறவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் காட்சியே முடிந்துவிட்டது.

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். கிழிந்து தைத்த வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை. அடிமையாக விற்கப்பட்ட பிள்ளைக்கு அதுதானே பொருத்தமான கோலம்! எந்தச் சட்டை என்னிடம் இல்லையென்று எனக்கு வேடம் இல்லாமல் போனதோ, அதே சட்டைதான் அன்றைக்கு நாடகத்தைக் கெடுத்தது. பதினொரு வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. அந்தத் தவறு என்ன என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

பெரியோர்களே! மேடையில் ஒருவர் வந்து நின்றதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய உடை நமக்கு மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். இவர் யார்? இது எந்த இடம், எந்தக் காலம்? போன காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் நடுவில் இவருக்கு என்ன நேர்ந்தது? இந்த மூன்றில் கடைசிக் கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அரசன் என்றால் கடைசிவரை அரச உடை, ஏழை என்றால் கடைசிவரை கந்தல் என்று இருந்துவிடுகிறோம். பழம்பெரும் நாடகங்களின் உயிரோ அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

அரிச்சந்திரன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளிலிருந்து ஊர்த் திருவிழா மேடை வரைக்கும் தமிழர் திரும்பத் திரும்பப் பார்த்து அழுத நாடகம் அது. வடக்கே காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது பார்த்து, மனத்துக்குள்ளேயே பலமுறை நடித்துப் பார்த்ததாகத் தம் சுயசரிதையில் எழுதிய நாடகமும் அரிச்சந்திரன்தான். அந்தக் கதையில் நடப்பது என்ன? ஒரு மனிதனிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. கிரீடம் போகிறது, பட்டு போகிறது, நகை போகிறது. கடைசியில் இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு தடி. எல்லாம் போன பிறகும் உண்மை மட்டும் போகவில்லை. இதை வசனம் சொல்வதைவிட உடை தெளிவாகச் சொல்லும். முதல் காட்சியில் அவனுக்கு நிறைய அணிவிக்க வேண்டும், பின்னால் கழற்றுவதற்காக. பளபளப்புக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. முதல் காட்சியில் ஜிகினா இருக்கட்டும். சுடுகாட்டில் அது கூடாது.

மயானத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது எதனால்? சந்திரமதியின் தாலியால். கட்டிய கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது என்பது நம் தமிழ் அரிச்சந்திரன் கதை. அதாவது, கதையின் முடிச்சே அவள் கழுத்தில் இருக்கிறது. சந்திரமதியின் கழுத்தில் பத்துப் பாசிமணி மாலையைப் போட்டு மூடிவிட்டால் அந்த முடிச்சு எப்படி அவிழும்?

இனி நம் கண்ணகியிடம் வருவோம். இளங்கோவடிகள் பாட்டு எழுதியவர் மட்டுமல்லர். மேடை தெரிந்தவர். அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவையே சொல்கிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள் உண்டு. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறார். நம்ம பள்ளி மண்டபத்தில் நடிகர் முகத்தில் தூண் நிழல் விழுகிறதே, அதை அன்றைக்கே கவனித்திருக்கிறார் பாருங்க!

அப்படிப்பட்டவர் கண்ணகியின் அணிகலன்களை எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்போம். மணமகளாக நிறைந்த கோலத்தில் வருகிறாள். கோவலன் மாதவியிடம் போன பிறகு அவள் காலில் சிலம்பு இல்லை. மங்கல அணியைத் தவிர வேறு அணியை அவள் மனம் நாடவில்லை. கோவலன் வறுமையோடு திரும்பி வந்தபோது, கழற்றி வைத்த அந்தச் சிலம்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறாள். இருவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். கடைசியில் பாண்டியன் அவைக்கு வரும்போது விரிந்த கூந்தல், உடம்பில் புழுதி, கண்ணில் நீர், கையில் மீதமிருக்கும் ஒரு சிலம்பு. கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் மேனியிலிருந்து ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் எஞ்சிய அந்த ஒன்றுதான் சாட்சியாகிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கு முழுவதும் அந்த ஒரு நகையின் உள்ளே இருக்கும் பரலில் தீர்ந்துவிடுகிறது.

இந்தக் காட்சிக்குக் கண்ணகியைப் பட்டுப் புடவையில், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், வங்கி எல்லாம் போட்டு அழைத்து வந்தால் பாண்டியனே, "ஏனம்மா, ஒரு சிலம்புக்கா இத்தனை கோபம்?" என்று கேட்டுவிடுவான்! நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளிடம் வேறு எதுவுமே மிச்சமில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால்தான் அந்தச் சிலம்புக்குக் கனம் வரும்.

"அப்படியானால் நம் பழைய கூத்தில் அவ்வளவு பெரிய கிரீடமும் தோள்கட்டையும் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பாட்டன்மாரில் பலர் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று பல பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்களில் வட மாவட்டத்தார் தெருக்கூத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே துரியோதனன் வந்தால் தலையில் உயர்ந்த கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. கூத்து விடிய விடிய நடக்கும். இடமோ திறந்தவெளி. வெளிச்சமோ தீப்பந்தம், பிறகு வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும் அரசன் யார் என்று தெரிய வேண்டும். ஆகையால் உருவத்தைப் பெரிதாக்கினார்கள். கண்ணாடித் துண்டு, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பித் தந்தது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னாலிருந்து வேடம் மெல்ல மெல்லத் தெரியும்போது ஊரே நிமிர்ந்து உட்காரும். அந்தப் பளபளப்புக்குக் காரணம் இருந்தது. அதே கூத்தில் துகிலுரியும் காட்சி வரும்போது ஒரு சேலைதான் முழு நாடகமும். காரணம் இல்லாமல் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

சரி, இந்த வெல்வெட்டும் ஜிகினாவும் எங்கிருந்து வந்தன? புராணக் காலத்து உடை இதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூம்புகாரில் ஏது வெல்வெட்டு? சங்க நூல்கள் நல்ல துணியைப் பாம்பு உரித்த சட்டைக்கும் புகைக்கும் ஒப்பிட்டுப் பாடுகின்றன. அவ்வளவு மெல்லிய நெசவு. இந்தக் கனத்த மேடை உடை வந்த வழி வேறு. 1850களில் பம்பாயில் பார்சி நாடகக் குழுக்கள் தோன்றின. எழுதிய படுதாக்கள், தந்திரக் காட்சிகள், பளபளக்கும் உடைகள் என்று நாடு முழுவதும் சுற்றின. தமிழ்நாட்டுக் கம்பெனிகளும் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பார்சிக் குழுக்கள் கடல் தாண்டிப் பினாங்குக்கும் வந்தன. அவர்களைப் பார்த்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே மலாய் மொழியில் பங்சாவான் நாடகம் பிறந்தது. ஆகவே, தமிழ் ராஜபார்ட்டும் பங்சாவான் மன்னனும் உடையில் உறவுக்காரர்கள் என்று சொன்னால் தவறாகாது. சுமார் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் இது. அழகான பழக்கம்தான். ஆனால் மாற்றக்கூடாத சாத்திரம் ஒன்றும் அல்ல.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று எண்ண வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் இதே கதைதான். அங்கே ஹென்ஸ்லோ என்ற நாடகக் கொட்டகை முதலாளி கணக்குப் புத்தகம் ஒன்று எழுதி வைத்தார். அது இன்றும் இருக்கிறது. 1603இல் தாமஸ் ஹேவுட் என்பவர் எழுதிய ஒரு நாடகத்துக்கு அவர் கொடுத்த தொகை 6 பவுண்டு. அதே நாடகத்தின் கதாநாயகிக்குக் கறுப்பு வெல்வெட்டு அங்கி ஒன்று வாங்கக் கொடுத்ததோ 6 பவுண்டு 13 ஷில்லிங்! நாடகம் எழுதியவரைவிட அங்கிக்கு விலை அதிகம். இத்தனைக்கும் அதை உடுத்தி நடித்தது ஓர் ஆண் பிள்ளை. நம் ஸ்திரீபார்ட் போலத்தான். 1660 வரை அந்நாட்டுப் பொது மேடைகளில் பெண்கள் நடிக்கவில்லை.

அவர்கள் ஏன் அவ்வளவு செலவழித்தார்கள்? அந்த மேடையில் எழுதிய படுதா கிடையாது. பகல் வெளிச்சத்தில் நாடகம். அரண்மனை எது, தெரு எது என்று சொல்ல உடையை விட்டால் வேறு வழி குறைவு. அதோடு இன்னார் இன்ன துணிதான் உடுத்தலாம் என்று 1604 வரை அந்நாட்டில் சட்டமே இருந்தது. ஆகையால் துணியைப் பார்த்ததுமே ஆளின் தகுதி மக்களுக்குத் தெரிந்துவிடும். அந்த மக்கள் முன்னால் ஹாம்லெட் என்ற இளவரசன் கறுப்பு உடையில் வந்து நிற்கிறான். தந்தை இறந்த துக்கம் தீரவில்லை. அரண்மனையோ அவன் தாயின் மறுமணத்தைக் கொண்டாடுகிறது. எல்லோரும் வண்ண உடையில் இருக்க, அவன் ஒருவன் மட்டும் கறுப்பு. "அந்தக் கறுப்பைக் களைந்துவிடு" என்ற பொருளில் தாயே கேட்கிறாள். அவன் வாய் திறந்து சண்டை போடுவதற்கு முன்பே அவன் உடை சண்டை போட்டுவிட்டது.

இந்த நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழாக்கினார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். ஆள் பெயர்களையெல்லாம் நம் நாட்டுப் பெயர்களாக மாற்றினார். பெயரை மாற்றினால் போதுமா? துக்கத்துக்குக் கறுப்பு என்பது ஐரோப்பிய வழக்கம். நம் வீட்டில் துக்கத்துக்கு வெள்ளை. தமிழ் மேடையில் ஹாம்லெட்டைப் போடுகிறவர், இந்த நிறத்தையும் மொழிபெயர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வசனம் தமிழாக இருக்கும், உடை ஆங்கிலமாக இருக்கும். நம் நாட்டில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மஞ்சளைப் பார்த்தால் நமக்கு மங்கலம், மலாய்க்காரர்களுக்கு அது அரசர் நிறம். சிவப்பு சீனர் வீட்டில் மகிழ்ச்சியின் நிறம். நம் விழாவுக்கு எல்லா இனத்தவரும் வருகிறார்கள். அவர்கள் கண்ணுக்கும் உடை என்ன சொல்லும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1925இல் லண்டனில் பாரி ஜாக்சன் என்ற நாடகத் தயாரிப்பாளர் இன்னொன்று செய்தார். ஹாம்லெட் நாடகத்தையே அந்த ஆண்டு மக்கள் சாதாரணமாக அணிந்த கோட்டிலும் கால்சட்டையிலும் நடிக்கவைத்தார். முந்நூறு ஆண்டுப் பழைய நாடகம், உடை மட்டும் பார்வையாளர்களுடையது. பழைய கதையில் வருகிற துயரம் நம் பக்கத்து வீட்டுத் துயரம்தான் என்று காட்ட அது ஒரு வழி. வரலாற்றுக்கு ஏற்ற உடை ஒரு வழி, இன்றைய உடை இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும், முதலில் நாடகத்தைப் படிக்க வேண்டும். பிறகுதான் துணிக்கடைக்குப் போக வேண்டும். நாம் பல வேளைகளில் முதலில் கடைக்குப் போய், இருக்கிற உடையை எடுத்து வந்து, அதற்குள் நாடகத்தைத் திணிக்கிறோம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஆசிரியர்களும் தாய்மார்களும் பொறுத்துக் கேளுங்கள்.

நாடகம் முடிவானதும் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். ஒரு பக்கம் பாத்திரத்தின் பெயர், மறு பக்கம் காட்சி. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் மேல் என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று எழுதுங்கள். எந்த உடை வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அரசனுக்கு எல்லாமே பட்டாக இருக்க வேண்டியதில்லை. நல்ல வேட்டி ஒன்று, கரை தெரியக் கட்டிய மேல்துண்டு ஒன்று, அட்டையில் செய்த கிரீடம் ஒன்று போதும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் சாயம் மங்கிய துணியில் நின்றால், அவன் தானாகவே அரசனாகத் தெரிவான். பழைய வெள்ளைத் துணியைக் கெட்டியான தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் பழுப்பேறிவிடும். ஏழைக்கும் முனிவருக்கும் காவலாளிக்கும் அது பொருந்தும். சாக்குத்துணி அரிச்சந்திரனுக்கு மயானக் கச்சை. கண்ணகியின் சிலம்புக்குப் பச்சைக் களிமண்ணை வளையமாக உருட்டி, உள்ளே சிவப்பு மணிகளை வைத்து மூடி, நிழலில் காயவைத்துப் பொன் வண்ணம் பூசுங்கள். ஓங்கி அடித்தால் உடைந்து மணி சிதறும். ஒத்திகைக்கு இரண்டு, மேடைக்கு ஒன்று, எதற்கும் கையிருப்பாக ஒன்று.

உடையோடு குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும். பிள்ளை குனிந்து, ஓடி, உட்கார்ந்து பார்க்கட்டும். வேட்டி தடுக்கி விழுகிற பாண்டியனைப் பார்த்து யார் இரக்கப்படுவார்கள்? பிறகு ஓர் ஆசிரியர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து தெரியாத சரிகைக்குச் செலவழித்த காசு வீண்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியரான பிறகு ஒருமுறை நானும் அரிச்சந்திரா நாடகம் போட்டேன். யாரிடமும் உடைக்குப் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டிலிருக்கும் பழைய துணிகளைக் கொடுங்கள் என்றேன். மறுநாள் காலையில், பெரட்டு முடிந்து வெட்டுக்குப் போகிற வழியில் ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு சேலை. வெட்டுக்குக் கட்டிக்கொண்டு போன சேலை. கொடுக்கக் கூச்சப்பட்டார். "தொவைச்சுத்தான் கொண்டாந்தேன் சார். பால் கறை மட்டும் போகலே" என்றார். நான் விரித்துப் பார்த்தேன். சாயம் போய், முழங்காலுக்குக் கீழே கறை படிந்து, ஓரம் நைந்திருந்தது. சந்திரமதிக்கு அதைவிடப் பொருத்தமான உடையை எந்தக் கடையில் வாங்க முடியும்? அடுத்தவர் வீட்டில் அடிமையாக உழைத்த ஒருத்தியின் சேலை அப்படித்தானே இருக்கும்?

அன்று இரவு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு மாணவி மயான காட்சிக்கு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தபோது, எத்தனையோ தாய்மார்கள் தங்கள் முந்தானையை எடுத்தார்கள். அந்தச் சேலையை அவர்களுக்குத் தெரியும். அவர்களும் தினமும் கட்டிக்கொள்கிற சேலைதான் அது. சேலை கொடுத்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

அந்த நாடகத்தில் லோகிதாசனாக நடித்த பையன் சொந்தச் சட்டையில்தான் நடித்தான். கிழிந்து தைத்த சட்டை.

பெற்றோர்களே! பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் உடைக்குக் காசு கட்ட முடியாமல், "எனக்கு நடிக்கப் பிடிக்கலே சார்" என்று பொய் சொல்கிற பிள்ளை இன்னும் எங்கேயோ ஒரு வகுப்பில் இருக்கத்தான் செய்யும். அந்தப் பொய் எனக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு வேடம் கொடுப்பதா இல்லையா என்பதை அதன் குரல் சொல்லட்டும், முகம் சொல்லட்டும், உழைப்பு சொல்லட்டும். அப்பாவின் சட்டைப்பை சொல்லக்கூடாது.

ஆகவே இந்தப் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வேடப்பெட்டி வையுங்கள். பெரிய தகரப் பெட்டி ஒன்று போதும். ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒரு பழைய துணி தரட்டும். தாத்தாவின் வேட்டி, பாட்டியின் சேலை, அண்ணன் வளர்ந்து கழித்த சட்டை, எதுவானாலும் சரி. தையல் தெரிந்த தாய்மார்கள் ஒரு சனிக்கிழமை மாலை வந்து உட்கார்ந்தால் எத்தனையோ அரசர்களையும் புலவர்களையும் உருவாக்கிவிடலாம். பெட்டியின் மூடியில் என்னென்ன இருக்கிறது என்று மாணவர்களே எழுதி ஒட்டட்டும். அடுத்த ஆண்டு நாடகம் போடும்போது, காசு கேட்கும் தாள் வீட்டுக்குப் போகாது.

அந்தப் பெட்டிக்கு முதல் துணியை நானே கொண்டு வந்திருக்கிறேன். ஒரு வேட்டி. என் அப்பாவுடையது. அன்றைக்கு எட்டு வெள்ளி இல்லாமல் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போனாரே, அவர் கட்டியது. இதைக் கட்டிக்கொண்டு யாராவது ஒரு பிள்ளை அரிச்சந்திரனாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

மாணவச் செல்வங்களே, திரைக்குப் பின்னால் நீங்கள் காத்திருப்பது எனக்குத் தெரிகிறது. கண்ணகி, கூந்தலை நன்றாக விரித்துவிட்டாயா அம்மா? கையில் ஒரு சிலம்புதானே? மற்ற நகையெல்லாம் கழற்றியாச்சா? சரி, வா. நாங்கள் காத்திருக்கிறோம்.